கடவுளைப் பற்றி அவர் யாருக்கு எழுதினார்?

1929 ஏப்ரலில் நியூயார்க்கிலிருந்து பெர்லினுக்கு ஒரு தந்தி போனது. அனுப்பியவர் ஹெர்பர்ட் கோல்ட்ஸ்டைன் என்ற யூத மதகுரு; பெற்றவர் ஐன்ஸ்டைன். கடவுளை நம்புகிறீர்களா என்பதுதான் கேள்வி. பதில் தந்திக்கும் அவரே பணம் கட்டியிருந்தார், 50 சொற்களுக்கு. சார்பியல் கோட்பாட்டுக்குப் பின்னால் நாத்திகம் ஒளிந்திருக்கிறது என்று பாஸ்டன் நகரக் கத்தோலிக்கக் கார்டினல் ஒருவர் அப்போதுதான் பேசியிருந்தார். அந்தச் சூட்டில் போன தந்தி அது. ஐன்ஸ்டைனுக்கு 50 சொற்கள் தேவைப்படவில்லை. உலகின் ஒழுங்கான இசைவில் தன்னைக் காட்டும் ஸ்பினோசாவின் கடவுளை நம்புகிறேன்; மனிதர்களின் விதியிலும் செயலிலும் அக்கறை கொள்ளும் கடவுளை நம்பவில்லை. இவ்வளவுதான் பதில். ஸ்பினோசா, கடவுளும் இயற்கையும் ஒன்று என்று வாதிட்ட 17ஆம் நூற்றாண்டுத் தத்துவவாதி.

இதன் முதல் பாதியை மட்டும் எடுத்தால் ஐன்ஸ்டைன் பக்தர். இரண்டாம் பாதியை மட்டும் எடுத்தால் நாத்திகர். இரண்டு பாதிகளும் தனித்தனியாகத்தான் ஊர் சுற்றுகின்றன. அறிஞர்களின் மத நம்பிக்கை பற்றி நடக்கும் பெரும்பாலான வாதங்கள் இப்படிப் பாதி வாக்கியங்களை எறிந்து விளையாடுவதாகவே முடிந்துவிடுகின்றன. ஒருவர் என்ன நம்பினார் என்று கேட்பதற்கு முன் மூன்று விஷயங்களைக் கேட்டாக வேண்டும்: எந்த ஆண்டில் சொன்னார், யாரிடம் சொன்னார், எந்தச் சொல்லால் சொன்னார். இந்த மூன்றும் கையில் இருந்தால் பாதிக்கு மேல் குழப்பம் தீர்ந்துவிடும். தீராத மீதிதான் உண்மையிலேயே சுவையானது.

ஐன்ஸ்டைனையே வரிசையாக வைத்துப் பார்க்கலாம். 1926 டிசம்பர் 4 அன்று நண்பர் மாக்ஸ் போர்னுக்கு எழுதிய கடிதத்தில்தான் பகடை வருகிறது. குவாண்டம் இயக்கவியல் நிறையத் தருகிறது, ஆனாலும் அந்தப் 'பெரியவரின்' ரகசியத்துக்கு நம்மைப் பக்கத்தில் கொண்டுபோகவில்லை, அவர் பகடை ஆடுவதில்லை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை என்கிறார். ஜெர்மனில் அவர் எழுதிய சொல் 'டெர் ஆல்டெ', அதாவது கிழவர், பெரியவர். செல்லமாக ஒருவரைச் சுட்டும் சொல். கடிதம் முழுவதும் இயற்பியல். இயற்கையின் அடித்தளத்தில் தற்செயலுக்கு இடமுண்டா என்பதுதான் பேச்சு. இதைப் பிரார்த்தனைக்குச் சான்றாகக் காட்டுவது கடிதத்தைப் படிக்காதவர் செய்வது.

1930 ஜூலை 14 அன்று பெர்லினுக்கு வெளியே காபுத் கிராமத்தில் இருந்த ஐன்ஸ்டைனின் வீட்டுக்கு ரவீந்திரநாத் தாகூர் வந்தார். உண்மை என்பது மனித மனத்தோடு பிணைந்தது, மனிதனுக்கு அப்பால் அதற்கு இருப்பில்லை என்பது தாகூரின் நிலை. மனிதன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பித்தகோரஸ் தேற்றம் உண்மையாகத்தான் இருக்கும், அதை என்னால் நிரூபிக்க முடியாது, ஆனாலும் நம்புகிறேன் என்பது ஐன்ஸ்டைனின் நிலை. அப்படியானால் உங்களைவிட நான்தான் அதிக மதநம்பிக்கை உள்ளவன் என்று அவர் தாகூரிடம் சொன்னார். அவர் வாயில் 'மதம்' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் எனக்குத் தெரிந்து இல்லை. நம்மைச் சாராத ஓர் ஒழுங்கு வெளியே இருக்கிறது என்ற உறுதி. அதற்கு அவர் வைத்த பெயர் அது.

1936 ஜனவரியில் ஒரு பள்ளிச் சிறுமி, விஞ்ஞானிகள் பிரார்த்தனை செய்வார்களா என்று கேட்டு எழுதினாள். ஐன்ஸ்டைனின் பதிலுக்கு இரண்டு பகுதிகள் உண்டு. நடப்பதெல்லாம் இயற்கை விதிகளின்படி நடக்கிறது என்று கருதும் ஒருவர், வேண்டுதலால் நிகழ்வுகளின் போக்கை மாற்றலாம் என்று நம்ப மாட்டார் என்பது முதல் பகுதி. விதிகள் பற்றிய நம் அறிவு முழுமையற்றது, அறிவியலில் ஆழ்ந்து ஈடுபடுபவர்களுக்குப் பிரபஞ்ச விதிகளில் மனிதனைவிட மிக உயர்ந்த ஒன்று வெளிப்படுவது புலப்படும் என்பது இரண்டாம் பகுதி. வெளியே சுற்றுவது இரண்டாம் பகுதி மட்டும். கேட்ட கேள்வி பிரார்த்தனை பற்றியது, அதற்கு நேரடிப் பதில் முதல் பகுதியில் இருக்கிறது என்பது யாருக்கும் தெரிவதில்லை.

மதமில்லாத அறிவியல் முடம், அறிவியல் இல்லாத மதம் குருடு என்ற புகழ்பெற்ற வரிக்கும் இதே கதிதான். அது 1940இல் நியூயார்க்கில் நடந்த ஒரு மாநாட்டுக்கு எழுதிய கட்டுரையில் வருவது. அதே கட்டுரையில் சில பத்திகள் தள்ளி, மதத்துக்கும் அறிவியலுக்கும் இன்று நடக்கும் மோதலுக்கு முக்கியக் காரணம் ஆளுருவான கடவுள் என்ற கருத்துதான் என்கிறார். அந்தப் பத்தியை யாரும் சுவரில் மாட்டுவதில்லை.

கடைசியாக 1954 ஜனவரி 3. எரிக் குட்கிண்ட் என்ற தத்துவவாதியின் நூலைப் படித்துவிட்டு ஜெர்மனில் கையால் எழுதிய கடிதம். கடவுள் என்ற சொல் எனக்கு மனித பலவீனங்களின் வெளிப்பாடும் விளைவுமே அன்றி வேறில்லை என்கிறார். 2018இல் இந்தக் கடிதம் கிறிஸ்டிஸ் ஏலத்தில் ஏறக்குறைய 29 லட்சம் டாலருக்குப் போனது. இது தந்திக்கு முரணா? நான் முரண் என்று நினைக்கவில்லை. 1929இல் கேட்டவர் மதகுரு, பதில் பத்திரிகையில் வரப்போகிறது. 1954இல் பேசுவது வேதாகமத்தை வைத்து நூல் எழுதிய ஒருவரோடு, நேருக்கு நேர். ஆளுருவான கடவுள் இல்லை என்பது இரண்டிலும் இருக்கிறது. மாறியது குரலின் கடுமை.

இங்கே நம் மொழியில் ஒரு சிக்கல் உண்டு. ஆத்திகர், நாத்திகர் என்ற ஜோடியை நாம் கடவுள் உண்டு, இல்லை என்ற பொருளில் பயன்படுத்துகிறோம். பழைய தத்துவ நூல்களில் அந்தக் கோடு வேறு இடத்தில் விழுந்தது. வேதத்தை ஏற்றால் ஆத்திகம், ஏற்காவிட்டால் நாத்திகம். அதனால்தான் படைப்புக் கடவுளுக்கு இடம் கொடுக்காத சாங்கியமும் மீமாம்சையும் ஆத்திகப் பட்டியலில் இருக்கின்றன. பௌத்தமும் சமணமும் நாத்திகப் பட்டியலில். கோடு போடும் இடம் மாறினால் ஆட்களும் இடம் மாறுவார்கள். ஸ்பினோசாவுக்கு நடந்ததும் அதுவே. 1656 ஜூலை 27 அன்று, 23 வயதில், ஆம்ஸ்டர்டாம் யூத சமூகம் அவரைச் சபித்து விலக்கியது. கடவுளும் இயற்கையும் ஒன்று என்ற அவர் வாதத்தை அடுத்த நூறு ஆண்டுகள் நாத்திகம் என்றார்கள். பிறகு ஜெர்மன் கவிஞர் நோவாலிஸ் அவரைக் கடவுள் போதையேறிய மனிதர் என்றார். எழுத்து அதே எழுத்துதான்.

மொழிபெயர்ப்பில் இன்னும் அதிகம் அடிபடுவது 'அக்னாஸ்டிக்' என்ற சொல். தாமஸ் ஹக்ஸ்லி 1869இல் உருவாக்கியது. அறிய வழியில்லாததை அறிந்ததாகச் சொல்ல மாட்டேன் என்ற நிலை. தமிழில் அறியவியலாமைவாதி என்று எழுதலாம். நாவில் புரளாது என்பதற்காக நாத்திகர் என்று எழுதிவிட்டால் ஆளையே மாற்றிவிடுகிறோம். டார்வின் விஷயத்தில் இந்தப் பிழை அடிக்கடி நடக்கிறது.

டார்வின் கேம்பிரிட்ஜில் கிறைஸ்ட் கல்லூரியில் படித்தது பாதிரியாராகும் எண்ணத்தோடு. பீகிள் கப்பலில் உலகைச் சுற்றிய ஆய்வுப் பயணம் அந்தத் திட்டத்தைக் கலைத்தது. நம்பிக்கை ஒரே நாளில் போகவில்லை. மெல்ல மெல்லக் கரைந்தது என்றுதான் தன்வரலாற்றில் எழுதுகிறார். 1851இல் மகள் ஆன்னி பத்து வயதில் இறந்தாள். அதுதான் திருப்புமுனை என்று பலர் எழுதுவார்கள். அந்தத் துக்கம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு அவள் இறந்த பிறகு டார்வின் எழுதிய நினைவுக் குறிப்பு சாட்சி. ஆனால் அந்த ஒரு மரணத்தால்தான் நம்பிக்கை போனது என்று டார்வின் எங்கும் எழுதவில்லை. கதையாகச் சொல்ல வசதியாக இருப்பதால் நிலைத்துவிட்ட விளக்கம் அது.

அவரே கொடுக்கும் காரணம் வேறு மாதிரியானது. 1860 மே 22 அன்று அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரேக்கு எழுதுகிறார். உயிரோடிருக்கும் கம்பளிப்புழுக்களின் உடலுக்குள்ளிருந்து தின்று வளரும்படி ஒட்டுண்ணிக் குளவிகளை, கருணையும் சர்வ வல்லமையும் உள்ள கடவுள் வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை என்கிறார். அதே கடிதத்தில், இந்த அற்புதமான பிரபஞ்சம் வெறும் முரட்டு விசையின் விளைவு என்று அமைதி கொள்ளவும் முடியவில்லை என்கிறார். ஏசா கிரே நம்பிக்கையுள்ள கிறிஸ்தவர், டார்வினுக்காக வாதாடியவர். அவரிடம் இதைச் சொல்ல ஒரு நேர்மை வேண்டும்.

பொது மேடையில் அந்த நேர்மை தளர்ந்த இடமும் உண்டு. 1859 நவம்பரில் வந்த உயிரினங்களின் தோற்றம் நூலின் முதல் பதிப்பில் கடைசி வாக்கியத்தில், உயிர் சில வடிவங்களில் அல்லது ஒரே வடிவத்தில் ஊதப்பட்டது என்று மட்டும் இருக்கிறது. 1860 ஜனவரியில் வந்த இரண்டாம் பதிப்பில் 'படைத்தவரால்' என்ற சொல் சேர்கிறது. 1863 மார்ச்சில் நண்பர் ஹூக்கருக்கு எழுதும்போது, பொதுக் கருத்துக்கு வளைந்துகொடுத்து அந்த வேதாகமச் சொல்லைப் போட்டதற்கு நெடுநாளாக வருந்துகிறேன், நமக்குத் தெரியாத ஏதோ ஒரு முறையில் 'தோன்றியது' என்பதே என் பொருள் என்கிறார். வருந்தினார், ஆனாலும் 1872இன் ஆறாம் பதிப்பு வரை அந்தச் சொல்லை எடுக்கவில்லை. ஆகவே டார்வின் நூலிலேயே படைத்தவர் இருக்கிறாரே என்று யாராவது சொன்னால், எந்தப் பதிப்பு என்று கேளுங்கள்.

முதுமையில் கேள்விக் கடிதங்கள் குவிந்தன. 1879 மே 7 அன்று ஜான் ஃபோர்டைஸ் என்பவருக்கு எழுதிய பதிலில்தான் அவர் தன் நிலையைப் பொறுமையாக விளக்குகிறார். என் தீர்ப்பு அடிக்கடி ஊசலாடுகிறது. மிகத் தீவிரமான ஊசலாட்டத்திலும் கடவுளே இல்லை என்று மறுக்கும் பொருளில் நான் நாத்திகனாக இருந்ததில்லை. பொதுவாக, வயது ஏற ஏற இன்னும் அதிகமாக, ஆனால் எப்போதும் அல்ல, அக்னாஸ்டிக் என்பதே என் மனநிலைக்குப் பொருந்தும். அந்த 'எப்போதும் அல்ல' என்பதை எடுத்துவிட்டு மேற்கோள் காட்டுபவர்களை மன்னிக்கவே கூடாது. டார்வினின் நேர்மை முழுவதும் அந்த இரண்டு சொற்களில் இருக்கிறது. அடுத்த ஆண்டு நவம்பரில், ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லுங்கள் என்று கேட்ட ஒருவருக்கு, வேதாகமத்தை இறைவெளிப்பாடாக நான் நம்பவில்லை, எனவே ஏசுவைக் கடவுளின் மகனாகவும் நம்பவில்லை என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதினார். இதுவும் முந்தையதும் மோதவில்லை. ஒன்று கடவுள் பற்றியது, மற்றது வேதாகமம் பற்றியது.

டார்வின் காகிதங்களில் என் மனதை மிகவும் தொடுவது வேறொன்று. 1839இல், திருமணமான புதிதில், மனைவி எம்மா அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். வாயால் சொல்ல முடியாததைத் தாளில் எழுதினார். எதையும் நிரூபணம் கிடைக்கும்வரை நம்பாதிருக்கும் அறிவியல் பழக்கம், அப்படி நிரூபிக்க முடியாத விஷயங்களிலும் உங்கள் மனத்தை அளவுக்கு மீறிப் பாதித்துவிடக் கூடாதே என்ற கவலை அதில் இருக்கிறது. அந்தக் கடிதத்தின் முடிவில் டார்வின் தன் கையெழுத்தில் ஒரு குறிப்பு சேர்த்திருக்கிறார்: நான் இறந்த பிறகு தெரிந்துகொள், இதைப் பலமுறை முத்தமிட்டு அழுதிருக்கிறேன். கீழே சி. டி. என்று இரண்டெழுத்து. நம்பிக்கை பற்றிய வேறுபாடு ஒரு வீட்டுக்குள் எப்படி வாழ்ந்தது என்பதற்கு இந்த ஒரு வரி போதும்.

அந்த வேறுபாடு அச்சுக்கும் போனது. டார்வின் இறந்த பின் 1887இல் மகன் பிரான்சிஸ் தன்வரலாற்றை வெளியிட்டபோது, நம்பாதவர்கள் எல்லாம் நித்தியத் தண்டனை பெறுவார்கள் என்ற போதனையை டார்வின் கடுமையாகச் சாடிய இடம் எம்மாவின் வேண்டுகோளால் நீக்கப்பட்டது. பேத்தி நோரா பார்லோ 1958இல்தான் விடுபட்டதையெல்லாம் சேர்த்துப் பதிப்பித்தார்; திரும்ப வந்தவை ஏறக்குறைய 6,000 சொற்கள். 1958க்கு முந்தைய பதிப்பை வைத்து டார்வின் மதம் பற்றிப் பேசுபவர், மென்மையாக்கப்பட்ட டார்வினைப் பற்றிப் பேசுகிறார்.

மரணப் படுக்கையில் மனம் திரும்பினார் என்ற கதையையும் சொல்லிவிட வேண்டும். லேடி ஹோப் என்பவர் பெயரில் அது 1915இல் அமெரிக்கக் கிறிஸ்தவ இதழ் ஒன்றில் வந்தது. டார்வின் இறந்தது 1882 ஏப்ரல் 19. அதாவது 33 ஆண்டுகள் கழித்து. மகள் ஹென்றியட்டா 1922இல் அச்சிலேயே மறுத்தார்: நான் அப்பாவின் மரணப் படுக்கையருகே இருந்தேன், அந்த அம்மையார் அவருடைய கடைசி நோயின்போதோ வேறெந்த நோயின்போதோ அங்கே இல்லை. மரணப் படுக்கைக் கதைகளுக்குப் பொதுவான அடையாளங்கள் உண்டு. சம்பவத்துக்கும் முதல் அச்சுக்கும் இடையே நீண்ட இடைவெளி. சாட்சி ஒரே ஒருவர். வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியாது. மூன்றும் சேர்ந்தால் கதையைக் கீழே வைத்துவிடலாம்.

மேற்கோளைச் சரிபார்ப்பதும் இதே வழிதான். முதலில் அது முதன்முதலாக எப்போது அச்சேறியது என்று தேட வேண்டும். சொன்னவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, எந்தக் கடிதம் என்ற குறிப்பில்லாமல் வந்தால் சந்தேகப்பட வேண்டும். இயற்கை அறிவியல் என்ற கோப்பையின் முதல் மடக்கு நாத்திகனாக்கும், அடியில் கடவுள் காத்திருப்பார் என்று இயற்பியலாளர் ஹைசன்பர்க் பெயரில் சுற்றும் வரி இந்த வகை. அவருடைய எழுத்தில் அதைக் காட்டியவர் இல்லை. கடிதம் கிடைத்தால் முழுவதையும், குறைந்தது முன்னும் பின்னும் ஒரு பக்கத்தையும் படிக்க வேண்டும். வெட்டு பெரும்பாலும் 'ஆனால்', 'என்றாலும்' என்ற சொற்களுக்கு முன்னால்தான் விழுகிறது. பிறகு மூலமொழிச் சொல். இதற்கெல்லாம் இன்று பெரிய நூலகம் ஏறி இறங்க வேண்டியதில்லை. கேம்பிரிட்ஜின் டார்வின் கடிதத் திட்டம் 15,000க்கு மேற்பட்ட கடிதங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. நியூட்டனின் மத எழுத்துகளை நியூட்டன் திட்டம் எழுத்துப்பெயர்த்துத் தருகிறது. ஐன்ஸ்டைனின் தொகுக்கப்பட்ட தாள்களைப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம் திறந்து வைத்திருக்கிறது.

அருகில் இருந்தவர் நாட்குறிப்பு வைத்திருந்தால் அது பொன். பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸிடம் நெப்போலியன், உங்கள் வானியல் நூலில் கடவுள் எங்கே என்று கேட்டதும் அந்தக் கருதுகோள் எனக்குத் தேவைப்படவில்லை என்று அவர் சொன்னதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. 1802 ஆகஸ்டில் நடந்த சந்திப்பில் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் உடனிருந்தார், குறிப்பும் எழுதினார். இதையெல்லாம் செய்தவர் யார் என்று நெப்போலியன் வியந்து கேட்டதும், இயற்கைக் காரணங்களின் சங்கிலியே அமைப்பையும் அதன் நிலைப்பையும் விளக்கும் என்று லாப்லாஸ் காட்ட முயன்றதும் அதில் இருக்கின்றன. அந்தப் பளிச்சென்ற வாக்கியம் இல்லை. சாரம் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வசனம் பிறகு மெருகேறியிருக்கலாம்.

அமெரிக்க அணுகுண்டு ஆய்வகத்தை வழிநடத்திய இயற்பியலாளர் ஓப்பன்ஹைமருக்கும் இது பொருந்தும். 1945 ஜூலை 16 அணுகுண்டுச் சோதனையின்போது 'இப்போது நான் மரணமானேன், உலகங்களை அழிப்பவன்' என்ற கீதையின் வரி நினைவுக்கு வந்ததாக அவர் தொலைக்காட்சியில் சொன்னது 1965இல். அன்று உடனிருந்த தம்பி பிராங்க் நினைவில் வைத்திருந்தது, 'வேலை செய்துவிட்டது' என்ற அளவிலான பேச்சைத்தான். ஓப்பன்ஹைமர் பெர்க்லியில் ஆர்தர் ரைடரிடம் சமஸ்கிருதம் படித்தவர், கீதையை மூலத்தில் வாசித்தவர், அதனால் இந்துவாகிவிடவில்லை. 11ஆம் அத்தியாயத்தின் 32ஆம் சுலோகத்தில் இருப்பது 'கால' என்ற சொல். காலம் என்றும் காலன் என்றும் தமிழ்க் காதுக்கு இரண்டும் சேர்ந்தே கேட்கும். ஆங்கிலத்தில் அவர் மரணம் என்ற ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

நியூட்டன் வேறு வகை. டார்வின் தயங்கினார், நியூட்டன் மறைத்தார். தந்தை, மகன், ஆவி மூவரும் ஒரே கடவுள் என்னும் கிறிஸ்தவத்தின் திரித்துவக் கொள்கை பின்னாளில் நுழைந்த திரிபு, ஏசுவைக் கடவுளுக்குச் சமமாக வழிபடுவது விக்கிரக வழிபாடு என்பது அவர் முடிவு. அவர் வேலை பார்த்ததோ திரித்துவத்தின் பெயரையே தாங்கிய டிரினிட்டி கல்லூரியில். அங்கே உறுப்பினராக நீடிக்கக் குறிப்பிட்ட காலத்துக்குள் குருப்பட்டம் பெற வேண்டும். 1675இல், அவர் வகித்த கணிதப் பதவியான லூகாசியன் பேராசிரியருக்கு அந்த விதியிலிருந்து விலக்களிக்கும் அரச ஆணை வந்து அவரைக் காப்பாற்றியது. பயம் வீணானது அல்ல. அவருக்குப் பின் அதே பதவியில் அமர்ந்த வில்லியம் விஸ்டன் இதே மாதிரிக் கருத்தை வெளியே பேசி 1710இல் கேம்பிரிட்ஜிலிருந்து விரட்டப்பட்டார். வேதாகமத்தில் திரித்துவத்துக்கு ஆதரவாகச் செருகப்பட்ட இரண்டு இடங்களைப் பற்றி நியூட்டன் 1690இல் தத்துவவாதி ஜான் லாக்குக்கு எழுதி அனுப்பிய ஆய்வு, அவர் இறந்து 27 ஆண்டுகள் கழித்து 1754இல்தான் அச்சானது.

இவ்வளவு நாள் இது ஏன் தெரியவில்லை என்பதற்கு எளிய காரணம் உண்டு. போர்ட்ஸ்மவுத் பிரபு குடும்பம் 1872இல் நியூட்டன் தாள்களைக் கேம்பிரிட்ஜுக்குக் கொடுத்தபோது, பல்கலைக்கழகம் அறிவியல் தாள்களை வைத்துக்கொண்டு மதம், ரசவாதம் பற்றியவற்றில் பெரும்பாலானதைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. அவை 1936 ஜூலையில் சதபீஸ் ஏலத்தில் 329 தொகுதிகளாகச் சிதறின. மொத்தமே 9,000 பவுண்டுக்குச் சற்று மேல். பொருளியலாளர் கெய்ன்ஸ் ஒரு பங்கைத் தேடித்தேடி வாங்கினார்; கீழைத்தேய அறிஞர் ஆபிரகாம் யஹூதா மதத் தாள்களில் பெரும்பகுதியைச் சேர்த்தார். யஹூதாவின் தொகுப்பு இன்று ஜெருசலேமில் இஸ்ரேல் தேசிய நூலகத்தில் இருக்கிறது.

2003இல் உலகச் செய்தித்தாள்கள் எல்லாம் நியூட்டன் 2060இல் உலகம் அழியும் என்றார் என்று எழுதியது அந்தத் தொகுப்பிலிருந்துதான். கணக்கு சிறியது. வேதாகமத் தீர்க்கதரிசனத்தில் வரும் 1,260 நாட்களை ஆண்டுகளாகக் கொள். போப்பின் உலகியல் ஆட்சி தொடங்கியதாக அவர் கருதிய கி.பி. 800ஐக் கூட்டு, 2060 வரும். ஆனால் அந்தச் சீட்டில் அவர் எழுதியது, இதற்குப் பிந்தியும் முடியலாம், இதற்கு முந்தி முடிய நான் காரணம் காணவில்லை என்பது. நாள் குறித்துச் சொல்லி ஏமாறும் அவசரக்காரர்களின் வாயை அடைக்கவே இதைச் சொல்கிறேன் என்றும் சேர்க்கிறார். முடிவு என்பது அவருக்குப் பூமியின் அழிவும் அல்ல, ஒரு யுகத்தின் முடிவு. நாள் குறிப்பதைக் கண்டித்தவரையே நாள் குறித்தவராக்கியது செய்தித் தலைப்பு.

நம்பிக்கையும் ஆய்வும் ஒரே ஆளுக்குள் எப்படி இருந்தன என்று பார்க்க விரும்புபவருக்கு நான் காட்டுவது ஜார்ஜ் லெமெத்ர். பெல்ஜியத்துக் கத்தோலிக்கக் குரு. 1923இல் குருப்பட்டம், 1927இல் விரியும் பிரபஞ்சம் பற்றிய கட்டுரை. 1931 மே மாதம் 'நேச்சர்' இதழில் பிரபஞ்சத்தின் தொடக்கம் பற்றி ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார். அதன் தட்டச்சுப் பிரதியில் கடைசிப் பத்தி ஒன்று இருக்கிறது. எல்லாவற்றையும் தாங்கும் பரம்பொருளை நம்பும் எவரும், கடவுள் இயல்பாகவே மறைந்திருப்பவர் என்றும் நம்புகிறார். படைப்பை மறைக்கும் திரையை இன்றைய இயற்பியல் எப்படித் தருகிறது என்று கண்டு அவர் மகிழலாம் என்ற பொருளில். அந்தப் பத்தியின் மேல் கோடு போட்டு அடித்திருக்கிறது. அச்சில் அது வரவில்லை. எழுதியபோது நம்பிக்கையாளர், அடித்தபோதும் நம்பிக்கையாளர்தான். எது எந்தத் தாளில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தவர்.

20 ஆண்டுகள் கழித்து, 1951 நவம்பர் 22 அன்று, போப் 12ஆம் பயஸ், ஒளி உண்டாகட்டும் என்ற ஆதி கணத்துக்கு இன்றைய அறிவியல் சாட்சி சொல்வதாக உரையாற்றினார். மகிழ்ந்திருக்க வேண்டியவர் லெமெத்ர். அவர் சங்கடப்பட்டார். கருதுகோள் நாளை விழுந்தால் அதோடு கட்டிய விசுவாசமும் விழும் என்பது ஒரு பக்கம். அறிவியலை வேதாகமத்துக்கு வேலைக்காரனாக்கினார் என்ற குற்றச்சாட்டு மறுபக்கம். வாடிகன் வானாய்வகத்தின் தலைவரோடு பேசினார். 1952 செப்டம்பரில் வானியலாளர்களுக்குப் பேசியபோது போப் அந்த வாதத்தைத் திரும்ப எடுக்கவில்லை. இதே எச்சரிக்கை 19ஆம் நூற்றாண்டு இயற்பியலாளர் மாக்ஸ்வெல்லிடமும் இருந்தது. ஆழ்ந்த கிறிஸ்தவரான அவர், அறிவியலையும் கிறிஸ்தவத்தையும் இசைவிக்க அமைந்த ஒரு சங்கத்தில் சேர மறுத்தார். ஒவ்வொருவரும் தனக்குள் எட்டும் இசைவு அவருக்கு மட்டுமே பொருளுடையது, அதுவும் ஒரு காலத்துக்கு மட்டுமே என்பது அவர் எழுதிய காரணம்.

கணித மேதை ராமானுஜன் பற்றிய சாட்சிகள் இரண்டு திசையில் இழுக்கின்றன. அவரை இளமையில் அறிந்த சேஷு ஐயரும் ராமச்சந்திர ராவும் அவர் நாமக்கல் நாமகிரித் தாயாரிடம் தனி பக்தி கொண்டவர், உறுதியான மத நம்பிக்கை உள்ளவர் என்று எழுதினார்கள். கேம்பிரிட்ஜில் ஐந்தாண்டுகள் உடன் வேலை செய்த கணிதவியலாளர் ஹார்டி, ராமானுஜனுக்கு மதம் என்பது ஆசாரம்தான், அறிவு சார்ந்த உறுதி அல்ல என்றார். எல்லா மதங்களும் ஏறக்குறைய சம அளவில் உண்மை என்று ராமானுஜன் சொன்னது தன்னை மிகவும் வியக்க வைத்ததாகவும் எழுதினார். ஹார்டி கடவுள் மறுப்பில் தீவிரமானவர், எனவே தன் நண்பரைத் தன் பக்கம் இழுக்கும் ஆசை இருந்திருக்கலாம். அதைவிட முக்கியமானது காது. ஒரே மதம்தான் உண்மையாக இருக்க முடியும் என்று கேட்டு வளர்ந்த ஆங்கிலக் காதுக்கு, எல்லாம் சமம் என்பது எதையும் நம்பாதவன் பேச்சு. எம்மதமும் சம்மதம் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது பக்தர்களின் அன்றாடப் பேச்சு. ஹார்டி சொற்களைச் சரியாகவே பதிவு செய்தார் என்று நினைக்கிறேன். பொருளைத்தான் தவறவிட்டார். கடவுளின் எண்ணத்தைச் சொல்லாத சமன்பாடு எனக்குப் பொருளற்றது என்ற வரி ராமானுஜன் கையெழுத்தில் வந்ததல்ல, நினைவுகூர்ந்தவர்கள் வழியே வந்தது. அதை அந்த எடையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கணக்கெடுப்புகளிலும் சொல்தான் எல்லாம். உளவியலாளர் ஜேம்ஸ் லூபா 1914இல் அமெரிக்க விஞ்ஞானிகள் 1,000 பேரிடம் கேட்டதில் 41.8 சதவீதம் பேர் கடவுளை நம்பினார்கள். அதே கேள்வியை 1996இல் எட்வர்ட் லார்சனும் லாரி விதமும் மீண்டும் கேட்டபோது 39.3 சதவீதம். 1998இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழக உறுப்பினர்களிடம் கேட்டபோது 7 சதவீதம்தான். இந்தக் கடைசி எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடுபவர்கள் கேள்வியைப் படிப்பதில்லை. லூபா கேட்டது, பதில் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்போடு வேண்டிக்கொள்ளக்கூடிய கடவுளைப் பற்றி. ஐன்ஸ்டைன் அந்தப் படிவத்தை நிரப்பியிருந்தால் நம்பாதவர் வரிசையில் விழுந்திருப்பார், ஸ்பினோசாவும்தான்.

1979 இயற்பியல் நோபல் பரிசை ஷெல்டன் கிளாஷோ, அப்துஸ் சலாம், ஸ்டீவன் வெயின்பர்க் மூவரும் பகிர்ந்தார்கள். மின்காந்த விசையும் வலுக்குறைந்த அணுக்கரு விசையும் ஒன்றே என்ற கோட்பாட்டுக்கு. பிரபஞ்சம் புரியப் புரிய அது நோக்கமற்றதாகத் தோன்றுகிறது என்று எழுதியவர் வெயின்பர்க். கருணையாளனின் படைப்பில் குறை காண மாட்டாய் என்ற குர்ஆன் வசனத்தை நோபல் விருந்தில் ஓதியவர் சலாம். இருவரும் தனித்தனியே வந்து சேர்ந்தது ஒரே கோட்பாட்டுக்கு. சலாமின் அஹ்மதியா பிரிவினரை முஸ்லிம் அல்லாதவர் என்று பாகிஸ்தான் 1974இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி அறிவித்திருந்தது. பாகிஸ்தானின் ரப்வா நகரில் அவருடைய கல்லறைக் கல்லில் முதல் முஸ்லிம் நோபல் பரிசாளர் என்று பொறித்திருந்தார்கள். அதில் முஸ்லிம் என்ற சொல் அழிக்கப்பட்டது. தான் என்ன நம்பினேன் என்று சலாம் வாழ்நாள் முழுக்கத் தெளிவாகச் சொன்னார். அதைக் கல்லில்கூட இருக்க விடவில்லை.

தருக்கவியலாளர் குர்ட் கோடல் இன்னொரு விளிம்பு. பிரின்ஸ்டனில் ஐன்ஸ்டைனோடு நாள்தோறும் நடந்து வீடு திரும்பியவர். 1975இல் ஒரு சமூகவியலாளர் அனுப்பிய வினாப்பட்டியலுக்கு, என் நம்பிக்கை இயற்கையையே கடவுளாகக் கொள்வதல்ல, தனி ஆளாகிய கடவுளை ஏற்பது. ஸ்பினோசா வழி அல்ல, லைப்னிட்ஸ் வழி என்று நிரப்பினார். நிரப்பினாரே தவிர அனுப்பவில்லை. கடவுள் இருக்கிறார் என்று குறியீட்டுத் தருக்கத்தில் அவர் எழுதிய நிரூபணமும் அவர் காலத்தில் அச்சேறவில்லை, 1987இல்தான் வெளிவந்தது.

அனுப்பாத கடிதம், அடித்த பத்தி, பூட்டிய பெட்டி. இந்த வரிசையில் கடைசி எல்லை பிரெஞ்சுக் கணிதவியலாளர் பாஸ்கல். 1662 ஆகஸ்டில் அவர் இறந்த சில நாட்களில், வேலையாள் அவருடைய மேற்சட்டையின் உள்துணியில் ஏதோ தடித்திருப்பதைக் கவனித்துத் தையலைப் பிரித்தார். மடித்த தோல் ஒன்று, அதற்குள் ஒரு தாள், இரண்டிலும் பாஸ்கலின் கையெழுத்து. மேலே நாள்: 1654 நவம்பர் 23, திங்கட்கிழமை, இரவு ஏறக்குறைய பத்தரை மணியிலிருந்து பன்னிரண்டரை வரை. அடுத்த வரியில் ஒரே ஒரு சொல், 'நெருப்பு'. அதன் கீழே, ஆபிரகாமின் கடவுள், ஈசாக்கின் கடவுள், யாக்கோபின் கடவுள், தத்துவவாதிகளுடையவரும் அறிஞர்களுடையவரும் அல்ல. நிகழ்தகவுக் கணிதத்தின் அடித்தளத்தை இன்னொரு கணிதவியலாளரான பெர்மாவோடு கடிதங்களில் அமைத்த அதே ஆண்டு அது. பெர்மாவிடம் இதைச் சொல்லவில்லை, வீட்டாரிடமும் சொல்லவில்லை. ஏறக்குறைய எட்டு ஆண்டுகள், சட்டை மாற்றும்போதெல்லாம் தையலைப் பிரித்துப் புதிய சட்டையில் வைத்துத் திரும்பத் தைத்திருக்கிறார். தோல் பிரதி தொலைந்துவிட்டது. தாள் பாரிஸில் பிரெஞ்சு தேசிய நூலகத்தில் இருக்கிறது. அதில் பெறுநர் பெயர் இல்லை.